அஞ்சும் எலியும் விடுவிக்கும் கையும்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது தோன்றும் களங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தலைவன் என்னும் நான்கனை அவர் குறித்தார். இந்நான்கிலும் அஞ்சுகின்றவன் மனிதன்; விலங்கு அச்சத்தைத் தருகின்ற பக்கத்தில் நிற்கின்றது. மனிதனே அச்சத்தின் களமாகி, அவன் கையைக் கண்டு ஒரு சிற்றுயிர் நடுங்கும்போது, அந்த நடுக்கத்தை எவ்வாறு அறிவது, எவ்வாறு ஆற்றுவது என்னும் வினா மனித வரலாற்றில் மிகவும் பிந்தி எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சிகள் பலவற்றில் நடுவிடம் பெற்ற உயிர், வளர்ப்பெலி.

இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் எலிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் புன்முறுவல் பூக்கலாம். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி உடலில் புலப்படுவது. பேசாத உயிரின் உள்ளத்தை அதன் உடல் வழியே படிப்பது புலவர்களுக்குப் புதிய தொழிலன்று. எலியின் அச்சத்தை மனிதர் படிக்கக் கற்ற கதை நூற்றாண்டுகளைக் கடந்தது. அதில் கொடுமையும் உண்டு, கருணையும் உண்டு, பிழையான வாசிப்புகளும் உண்டு. அக்கதையைக் காலமுறைப்படி சொல்வதும், அதிலிருந்து கூண்டில் ஒடுங்கி நிற்கும் ஓர் எலிக்கு நாம் செய்யத்தக்கது யாது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

எலி பிடிப்பவரின் கூண்டிலிருந்து

உலகெங்கும் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் எலி, நம் வீட்டுக் கூரைகளில் ஓடும் இனத்தைச் சேர்ந்ததன்று. கழிவுநீர்க் கால்வாய்களிலும் பண்டகசாலைகளிலும் வளை தோண்டி வாழும் பழுப்பெலியின் வழிவந்தது அது. வட சீனமும் மங்கோலியாவும் அதன் தாயகம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஐரோப்பாவில் பெருகியது. 1769இல் ஜான் பெர்க்கன்ஹௌட் என்னும் ஆங்கிலேயர் அதற்கு 'நார்வே எலி' என்று பெயரிட்டார். நார்வேயோடு அதற்குத் தனித் தொடர்பு ஏதும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எலியை அன்போடு வளர்க்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கு முன்பே ஜப்பானில் இருந்தது. செல்வத்தின் தெய்வமாகிய டைகோக்குவின் தூதனாக அங்கே எலி மதிக்கப்பட்டது. அத்தெய்வம் இந்தியாவின் மகாகாளன் பௌத்தத்தின் வழியே சென்று புதுவடிவம் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. 1775இல் எலி வளர்ப்புக்கென்றே ஒரு கைந்நூல் அந்நாட்டில் அச்சேறியது.

ஐரோப்பிய வரலாறு இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகின்றது. காளை, கரடி முதலியவற்றை நாய்களுக்கு இரையாக்கும் பொழுதுபோக்கை இங்கிலாந்து 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. எலிகளைப் பள்ளத்தில் விட்டு நாயை ஏவும் விளையாட்டு மட்டும் அதன்பின்னும் தொடர்ந்தது. குறித்த நேரத்தில் நாய் எத்தனை எலிகளைக் கொல்லும் என்று பந்தயம் கட்டினார்கள். அதற்கு வேண்டிய எலிகளைப் பிடித்துத் தருவது ஒரு தொழிலாயிற்று. அத்தொழிலில் பெயர்பெற்றவர் ஜாக் பிளாக். விக்டோரியா அரசியாரின் எலிபிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவர், உலோகத்தில் வடித்த எலி உருவங்கள் பதித்த தோல்வாரைக் குறுக்கே அணிந்து இலண்டன் தெருக்களில் வித்தை காட்டினார். அவரை நேரில் கண்டு பேசியவற்றை ஹென்றி மேஹ்யூ, இலண்டன் ஏழை எளியோரைப் பற்றிய தமது பெருநூலில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதிவு செய்தார்.

அப்பதிவில் நமக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி. பிடிபட்ட எலிகளுள் வெள்ளை, கருப்புவெள்ளை என நிறம் மாறியவற்றைப் பிளாக் தனியே பிரித்து இனம்பெருக்கினார். அவற்றைச் செல்லப்பிராணிகளாக விற்றார். பள்ளத்துக்குப் போயிருக்க வேண்டிய உயிர்கள் நிறத்தால் தப்பி, நற்குடிப் பெண்களின் கூண்டுகளுக்குச் சென்றன. கையிலெடுத்தால் கடிக்கும் எலியை யாரும் வாங்கமாட்டார்கள் ஆதலின், நிறத்தோடு சாந்தமும் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். இவ்வாறு, எலியின் அச்சத்தை மனிதன் முதலில் எதிர்கொண்ட வழி அதை அறிவதன்று. அஞ்சாததை வைத்துக்கொண்டு அஞ்சுவதைக் கழித்துவிடுவதே.

1901இல் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணி, சுண்டெலி வளர்ப்போரின் சங்கம் எலிகளையும் காட்சியில் ஏற்குமாறு செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் எயில்ஸ்பரி நகரில் நடந்த காட்சியில் அவருடைய எலியே சிறப்புப் பரிசைப் பெற்றது. குழந்தை இலக்கியத்தில் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் தாம் வளர்த்த வெள்ளெலியின் நினைவுக்கு 1908இல் ஒரு கதைநூலைக் காணிக்கையாக்கினார். 1921இல் டக்ளஸ் மறைந்தபின் அவ்வார்வம் தளர்ந்தது. 1976இல் எலி வளர்ப்போருக்கெனத் தனிச்சங்கம் பிரிட்டனில் தோன்றியபோது அது மீண்டும் துளிர்த்தது.

அச்சத்தை எண்ணியவர்கள்

இதற்கிடையே எலி ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனம் வெள்ளெலிகளை ஒரே சீரான குருதிவழியில் பெருக்கியது. அங்குப் பணியாற்றிய ஹெலன் டீன் கிங் என்னும் அம்மையார், காட்டெலிகளைப் பிடித்துக் கூண்டில் பல தலைமுறை வளர்த்து, சிறைவாழ்வு ஓர் இனத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்று பதினான்கு ஆண்டுகள் கவனித்தார். முதலில் பிடிபட்ட பெண்ணெலிகள் பல குட்டி ஈனவே இல்லை. தலைமுறைகள் செல்லச்செல்ல வளர்ச்சியும் ஈனும் திறனும் பெருகின. அச்சம் உடலின் ஆழம்வரை எட்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது.

1913இல் ராபர்ட் யெர்க்ஸ், காட்டெலியையும் வளர்ப்பெலியையும் கலந்து பெற்ற குட்டிகளின் மருட்சியையும் மூர்க்கத்தையும் படிநிலைகளாக அளந்தார். 1934இல் கால்வின் ஹால் வேறொரு வழி கண்டார். வெளிச்சம் மிகுந்த திறந்த வட்டக்களத்தில் எலியை விட்டு, அது இடும் எச்சத்தையும் கழிக்கும் சிறுநீரையும் கணக்கிட்டார். மிகுதியாகக் கழிப்பது மிகுதியாக அஞ்சுவது என்பது அவர் கொண்ட அளவுகோல். எளிமையான அந்தச் சோதனை இன்றளவும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகின்றது. இவையெல்லாம் அச்சத்தை எண்ணின. அஞ்சும் உயிருக்கு அந்த எண்ணிக்கையால் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஆறுதலின் வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1920இல் பால்டிமோர் நகரில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் பதினொரு மாதக் குழந்தை ஒன்றின்முன் வெள்ளெலியை விட்டனர். குழந்தை அதனிடம் அஞ்சவில்லை. கைநீட்டித் தொட முயன்றது. ஒவ்வொருமுறை தொடும்போதும் அதன் பின்னே இரும்புக்கோலைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். சிலமுறைகளுக்குப்பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுது விலகிற்று. அச்சத்தை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். உண்டாக்கியதை நீக்குவதற்குள் குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது.

நீக்கும் வழியைக் கண்டவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்னும் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் வருகின்றான். அவன் வெள்ளெலிக்கு அஞ்சினான். முயலுக்கு அதனினும் மிகுதியாக அஞ்சினான். ஜோன்ஸ் அவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்தபடியே, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். அவன் கலங்காத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகே கொணர்ந்தார். அஞ்சாத பிற குழந்தைகளும் உடன் விளையாடினர். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் அவன் இடங்கொடுத்தான். தொலைவு, உணவு, துணை, பொறுமை ஆகிய நான்கே அவர் கையாண்ட மருந்துகள். எலிக்கு அஞ்சிய ஒரு சிறுவனை ஆற்றிய அதே மருந்துகள்தாம், மனிதனுக்கு அஞ்சும் எலியை ஆற்றவும் இன்று பயன்படுகின்றன. அச்சத்தின் இலக்கணம் இரு இனங்களுக்கும் பெரும்பாலும் பொது என்பது இதனால் விளங்கும்.

நீர்ச்சாடியில் கண்ட உண்மை

இவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கமும் மிக ஆழ்ந்த பக்கமும் ஒன்றே. பால்டிமோரைச் சேர்ந்த கர்ட் ரிக்டர் 1957இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆழமான நீர்ச்சாடிகளில் எலிகளை விட்டு அவை எவ்வளவு நேரம் நீந்துகின்றன என்று அவர் பார்த்தார். வளர்ப்பெலிகளுள் பெரும்பாலானவை 40 முதல் 60 மணி நேரம் வரை நீந்தின. நீந்துவதில் வல்ல காட்டெலிகளோ, 34உம், 1 முதல் 15 நிமிடங்களுக்குள் இறந்தன. கையில் பிடித்திருக்கும்போதே உயிர்விட்டவையும் இருந்தன. அச்சத்தால் நெஞ்சு விரைந்து துடித்து நின்றிருக்கும் என்றே எவரும் நினைப்பர். ரிக்டர் கண்டதோ அதற்கு மாறானது. இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. போராடவும் ஓடவும் வழியில்லாத நிலையில் அவ்வுயிர்கள் நம்பிக்கையைக் கைவிட்டன என்று அவர் விளக்கினார்.

அதன்பின் அவர் செய்ததே நமக்கு முதன்மையானது. காட்டெலியைச் சிறிது நேரம் கையில் பிடித்து விடுவித்தார்; நீரில் சில கணம் இட்டு எடுத்துவிட்டார். இவ்வாறு சிலமுறை செய்தபின் அவ்வெலிகள் வளர்ப்பெலிகளைப் போலவே நெடுநேரம் நீந்தின, உடனே இறக்கவில்லை. பிடித்த கை விடும் என்னும் அனுபவம் ஒன்றே அவற்றுக்கு உயிர்தந்தது. அந்த ஆய்வின் கொடுமையை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. அதில் இறந்த உயிர்கள் விட்டுச்சென்ற செய்தியை மறப்பதுதான் இன்னொரு கொடுமையாகும். அஞ்சும் உயிரை ஆற்றுவது அணைக்கும் கையன்று, விடுவிக்கும் கை என்பதே அச்செய்தி.

தாய், குருதி, கை

ஏறத்தாழ அதே காலத்தில் சீமோர் லெவின் என்பார் எலிக்குட்டிகளிடம் வேறொன்றைக் கண்டார். தாயிடமிருந்து நாள்தோறும் சிறிதுநேரம் பிரித்துத் துன்புறுத்திய குட்டிகள் மருண்டு வளரும் என எதிர்பார்த்தார். வெறுமனே எடுத்து வைத்துத் திருப்பி விட்டவையும், துன்புறுத்தப்பட்டவையும் ஒருசேர அமைதியாக வளர்ந்தன. எவர் கையும் படாமல் கூட்டிலேயே கிடந்தவைதாம் வளர்ந்தபின் திறந்த வெளியைக் கண்டு ஒடுங்கின. இதன் காரணத்தை 1997இல் மாண்ட்ரீல் நகரின் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவினரும் துலக்கினர். மனிதர் எடுத்துத் திருப்பி வைத்த குட்டிகளைத் தாய் மிகுதியாக நக்கிச் சீராட்டுகின்றது. தாயின் நாவு பட்ட அளவுக்கு அச்சத்தைக் கட்டுப்படுத்தும் உடலமைப்பு குட்டியிடம் உருவாகின்றது. நக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை நக்கும் தாயிடம் வளர்த்தால் அதுவும் அமைதியுள்ளதாகின்றது.

இவ்வாறாயின் அச்சம் முழுவதும் வளர்ப்பால் வருவதோ எனின், அன்று என்று மறுமொழி கூறுகின்றது சைபீரியா. 1972இல் நொவோசிபிர்ஸ்க் நகரில் திமீத்ரி பெல்யாயெவும் அவருடைய துணைவர்களும் காட்டெலிகளைப் பிடித்து இரு குலங்களாகப் பிரித்தனர். கையுறை அணிந்த கையை நீட்டினால் பொறுத்துக்கொள்பவை ஒரு குலம். பாய்ந்து தாக்குபவை மற்றொன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் இவ்வாறே தெரிந்தெடுத்துவர, ஒரு குலம் கையில் ஏறி விளையாடியது. மற்றொன்று கூண்டருகே சென்றாலே கீச்சிட்டுப் பாய்ந்தது. 1985இல் பெல்யாயெவ் மறைந்தபின்னும் அம்முயற்சி தொடர்ந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பின்னர் ஆராய்ந்தபோது, சாந்தமான குலத்துக்கு அட்ரீனல் சுரப்பி சிறிதாகவும் அச்சநிலையில் ஊறும் சுரப்புநீர் குறைவாகவும் இருந்தமை தெரிந்தது. அவ்விரு குலத்துக் குட்டிகளைத் தாய்மாற்றி வளர்த்தும் குணம் பெரிதும் மாறவில்லை.

ஆகவே குருதிக்கு ஒரு பங்கு. தாய்க்கு ஒரு பங்கு. கடையில் வாங்கிய எலி அஞ்சுகின்றதென்றால் அது வளர்ப்பவரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. எலியின் குற்றமும் ஆகாது. அந்த இரு பங்குகளையும் நாம் மாற்ற இயலாது. எஞ்சியிருப்பது கையின் பங்கு.

நாம் கேளாத குரல்

மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும். எலியின் செவியோ 80 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கும் எட்டும். 1954இல் ஜான் ஆண்டர்சன், ஆய்வுக்கூட எலிகள் நமக்குக் கேளாத மீயொலிகளை எழுப்புகின்றன என்று வெளியிட்டார். பல்லாயிரக்கணக்கான எலிகளை அதுவரை ஆராய்ந்த கூடங்கள், அவை பேசிக்கொண்டிருந்ததை அறியாமலே இருந்தன.

பின்வந்தோர் அக்குரல்களைப் பகுத்தனர். ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸில் நீண்டு ஒலிப்பது துன்பத்தின் குரல். ஹவாயைச் சேர்ந்த ராபர்ட் பிளாஞ்சார்டும் கரோலின் பிளாஞ்சார்டும் வளைகளோடு கூடிய ஒரு செயற்கை வாழிடம் அமைத்து, எலிகளின் முன் பூனையைக் காட்டினர். எலிகள் வளைக்குள் ஓடி அக்குரலை எழுப்பின. பூனை போனபின்னும் பல மணி நேரம் மேலே வரவில்லை. அஞ்சும் எலி செய்வன யாவை என்பதையும் அவர்கள் வரிசைப்படுத்தினர். தப்ப வழியிருந்தால் ஓடும், வழியில்லையேல் உறைந்து நிற்கும், ஆபத்து மிக நெருங்கினால் எதிர்த்துக் கீச்சிடும், கடைசியாகப் பாயும். எலியின் கடி என்பது அச்சத்தின் இறுதிச் சொல். அதற்கு முன் அது சொன்ன சொற்களை நாம் படிக்கத் தவறியிருப்போம்.

ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸில் துள்ளி ஒலிப்பது இன்பத்தின் குரல். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யாக் பாங்க்செப் இளம் எலிகளைக் கிச்சுகிச்சு மூட்டியபோது அக்குரல் பெருகிற்று. அவை மூட்டிய கையைத் துரத்திவந்து மீண்டும் வேண்டின. அவர் அதை நகையின் தொல்வடிவம் என்றார். சொல்லைப் பற்றி அறிஞரிடை விவாதம் இருந்தது. அவரே முன்னர்க் கண்ட மற்றொன்றும் நினைக்கத்தக்கது. விளையாடும் குட்டிகளிடையே பூனை மயிர்க் கற்றை ஒன்றை வைத்தவுடன் விளையாட்டு நின்றது. பூனையையே கண்டறியாத ஆய்வுக்கூடக் குட்டிகள் அவை. கற்றையை எடுத்தபின்னும் அவ்விடத்தில் சில நாள்வரை பழைய அளவுக்கு விளையாட்டு திரும்பவில்லை.

2016இல் பெர்லினில் ஷின்பெய் இஷியாமாவும் மைக்கேல் பிரெக்டும் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டினர். வெளிச்சம் மிகுந்த உயரமான மேடையில் நிறுத்திக் கிச்சுகிச்சு மூட்டினால் எலியிடம் இன்பக்குரல் அடங்கிவிடுகின்றது. தொடுகையை உணரும் மூளைப்பகுதியின் கிளர்ச்சியும் குன்றுகின்றது. அதே விரல்கள், அதே தொடுகை. அச்சம் புகுந்த உடலில் அவை இன்பமாகப் பதிவதில்லை. நகையும் அச்சமும் நம் மெய்ப்பாட்டியலில் தனித்தனி. எலியின் உடலிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று குடியேறுவதில்லை.

அசைவின்மை அமைதியன்று

இவ்வரலாற்றை அறிந்தவர் அஞ்சும் எலி ஒன்றை எவ்வாறு அணுக வேண்டும்? எலி வளர்ப்போரிடையே இரு வழக்குகள் உண்டு. எலி தானே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அது அடங்கும்வரை கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பர் மறுசாரார். பின்னதில் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. கையில் அசையாமல் கிடக்கும் எலி அடங்கிவிட்டதாகத் தோன்றும். தப்ப வழியில்லாதபோது எலி உறைந்து நிற்கும் என்பதையும், சாடியில் இதயம் தளர்ந்து நின்றதையும் நினைத்தால், அசைவின்மையை அமைதி என்று கொள்ள இயலாது. அமைதியுற்ற எலி உண்ணும், முகம் கழுவும், மோந்து திரியும், போன இடத்திலிருந்து திரும்பி வரும். மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணை விழித்து, உணவைத் தொடாமல் கிடப்பது அச்சம். கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நீர் கசிவது குருதியன்று. கண்ணுக்குப் பின்னுள்ள ஒரு சுரப்பியின் நீர். கலக்கத்திலோ நோயிலோ அது மிகும். முன்பு பழகிய எலி திடீரென அஞ்சினால் வலியோ நோயோ இருக்கலாம் என எண்ணிக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

புதிதாக வந்த எலியைச் சில நாள் தொடாமல் விடுவது நல்லது. கூண்டைச் சுவரோரம், தரைக்குச் சற்று உயரத்தில், ஓசையும் கூசும் வெளிச்சமும் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். நாம் கேளாத மீயொலியை எழுப்பும் மின்கருவிகள் அருகே இருத்தலாகாது. உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். அப்பெட்டியிலிருந்து எலியை ஒருபோதும் வலிந்து இழுக்கக்கூடாது; ஓடி ஒளிய ஓரிடம் உண்டு என்று தெரிந்த உயிரே வெளியே வரத் துணியும். எலி கூட்டமாக வாழும் இனமாதலால், அதே பாலைச் சேர்ந்த துணையொன்று வேண்டும். அத்துணை அஞ்சாததாக இருப்பின், பீட்டரோடு விளையாடிய குழந்தைகளின் பணியை அது செய்யும்.

கையை மேலிருந்து நீட்டுவது பெரும்பிழை. எலியின் இரு கண்களும் தனித்தனியே அசைந்து, தலைக்கு மேலுள்ள வெளியை இடைவிடாமல் காத்து நிற்கின்றன என்பது 2013இல் ஜெர்மானிய ஆய்வாளரால் அறியப்பட்டது. மேலிருந்து வருவது அதற்குப் பருந்து. கை பக்கவாட்டில், தாழ்ந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். அணுகுமுன் ஒரே சொல்லை ஒரே தொனியில் மெல்லச் சொல்லலாம். பூனையையோ நாயையோ தொட்ட கையைக் கழுவிவிட வேண்டும். நம் மணம் பட்ட சிறு துணியைக் கூண்டில் வைத்தால், நாம் இல்லாத வேளையிலும் எலி நம்மை மோந்து பழகும். மணத்தின் வலிமை சிறிதன்று. ஆடவர் மணமே எலிகளுக்குக் கலக்கம் தருகின்றதென 2014இல் மாண்ட்ரீலில் ஓர் ஆய்வு காட்டியது. பழகப்பழக அது குறையும்.

உணவைக் கையில் கொடுத்தால் பறித்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு கரண்டியில் சிறிது தயிரைத் தடவி நீட்டினால், நக்குவதற்காக அது அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சில கணங்களே நட்பின் தொடக்கம். எலி பின்வாங்குவதற்கு முன்பே நாம் கையைப் பின்வாங்கிவிட வேண்டும். அந்தி சாய்ந்தபின் எலி சுறுசுறுப்படையும் வேளையில், சிறிய அறையொன்றில் தரையில் அமர்ந்து அதனை உலவவிட்டால், நம்மையும் ஒரு திண்ணையாகக் கருதி அது ஏறி ஆராயும். தூக்க வேண்டிய நாளில் இரு கைகளாலும் மார்பையும் பின்னுடலையும் தாங்கி எடுத்து, அது திமிறும் முன்னரே இறக்கிவிட வேண்டும். வாலைப் பற்றித் தூக்குவது தகாது. வாலின் தோல் உரிந்துவிடும். அச்சம் நீங்கிய இளம் எலிக்குக் கிச்சுகிச்சு விளையாட்டு நல்ல மருந்து. நாளைக்கு 15 விநாடியாக மூன்று நாள் செய்வதே போதிய பயன் தருவதாக 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அஞ்சும் எலியிடம் அதைத் தொடங்கலாகாது என்பதைப் பெர்லின் மேடை உணர்த்தும்.

இவற்றுக்கு நாள்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இரண்டு மூன்று ஆண்டே வாழும் உயிருக்கு ஒரு மாதம் என்பது நீண்ட காலம். சில எலிகள் கடைசிவரை மடியில் துயிலாமல், கரண்டியை மட்டும் நக்கிச் செல்லும். நொவோசிபிர்ஸ்க் எலிகளை எண்ணினால், அதையும் தோல்வி என்று கருதத் தேவையில்லை. நம் அறையில் அச்சமின்றி உண்டு உறங்கும் உரிமையை அது பெற்றுவிட்டது.

நிறைவாக

2019இல் பெர்லின் ஆய்வாளர் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். இளம் எலிகள் மனிதரோடு கண்ணாமூச்சி ஆடக் கற்றன. மனிதர் ஒளிந்தால் தேடிக் கண்டுபிடித்தன. தாம் ஒளிய வேண்டிய முறை வந்தால் மறைவிடம் தேடிச் சென்று குரலடக்கி இருந்தன. பரிசாக உணவு தரப்படவில்லை. கண்டுபிடித்தபின் கிடைக்கும் விளையாட்டும் தொடுகையுமே பரிசு. பள்ளத்தில் நாய்க்கு முன் ஒளிய இடமின்றி ஓடிய இனம், ஒளிதலையே விளையாட்டாக மனிதனோடு ஆடும் நிலைக்கு வர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின.

இந்த இடைவெளியில் எலி மாறிய அளவுக்கு மனிதனின் கேள்வியும் மாறியிருக்கின்றது. எந்த எலி கடிக்காது என்று முதலில் கேட்டான். எவ்வளவு அஞ்சுகின்றது என்று பிறகு எண்ணினான். அது என்ன சொல்கின்றது என்று கேட்க மிகவும் பிந்தியே செவிசாய்த்தான். சொல்லாத துயரைச் சொல்லில் வடிக்க முயலும் நம் வட்டத்தினர்க்கு இந்த வரிசை அயலானதன்று. அன்பர் எவரேனும் இனி ஒரு கூண்டின் முன் அமர நேர்ந்தால், கையை நீட்டும் முன் சற்றே அமர்ந்து பார்ப்பாராக. உள்ளே இருப்பது நமக்குக் கேளாத குரலில் முன்பே பேசத் தொடங்கியிருக்கும்.